கழுத்துக்குள் ஒளியும் பருப்பு மணி



முழங்கால் குடைகிறது, முதுகு நோகிறது, குனிந்தால் நிமிர முடியவில்லை என்று நம் லயத்துத் தாய்மார்கள் சொன்னால் என்ன பதில் கிடைக்கும்? “வயசாயிடுச்சு இல்லே, அப்படித்தான் இருக்கும்!” விடியுமுன் எழுந்து பால் வெட்டிய கை, செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிக் குனிந்த முதுகு, நோகத்தானே செய்யும் என்று நாமும் தைலத்தைத் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் காரணமும் அதுவாகவே இருக்கும். ஆனால் எலும்பு வலியோடு சிறுநீரகக் கல்லும் சேர்ந்து வந்தால், தாகம் அடங்காமல் இருந்தால், மலச்சிக்கல் தீராமல் இருந்தால், காரணம் தெரியாத அசதியும் மனத்தளர்ச்சியும் கூடவே வந்தால், கொஞ்சம் கழுத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எலும்பு வலிக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தொண்டையின் முன்புறத்தில் பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருப்பது தைராய்டு சுரப்பி. அதன் முதுகுப் பக்கத்தில், மைசூர்ப் பருப்பு அளவில், நம்மில் பெரும்பாலோருக்கு நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம் எடைதான். இவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயர். பெயரில்தான் தைராய்டு உண்டு. இரண்டுக்கும் வேலை வேறு வேறு.

தோட்டத்து ஸ்டோர் கிராணியைப் பார்த்திருப்பீர்கள். வெளியே சாமான் குறைந்தால் ஸ்டோரைத் திறந்து கொடுப்பார்; போதுமென்றால் பூட்டிவிடுவார். பாராதைராய்டின் உத்தியோகமும் அதுவே. இதயம் துடிக்கவும் தசை அசையவும் நரம்பு வேலை செய்யவும் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், ஒரே சீராக இருக்க வேண்டும். உடம்பிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பில்தான் சேமிப்பாக இருக்கிறது. இரத்தத்தில் குறைந்தால் இந்தச் சுரப்பிகள் ஒரு சாற்றை அனுப்பி எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அந்தச் சாற்றை மருத்துவர்கள் சுருக்கமாகப் பிடிஎச் என்கிறார்கள். இரத்தத்தில் கால்சியம் நிறைந்ததும் சாறு நின்றுவிடும்.

கிராணிக்குப் புத்தி பிசகி, கதவைப் பூட்டாமலே ஸ்டோரை அள்ளி வெளியே கொட்டினால்? நான்கில் ஒரு சுரப்பி கட்டியாக வீங்கிக்கொண்டால் அதுதான் நடக்கிறது. எலும்பு காலியாகிறது. இரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. அது சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. இந்த நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோருக்கு ஒரே ஒரு சுரப்பிதான் குற்றவாளி. சிலருக்கு இரண்டு, மூன்று, அல்லது நான்குமே பெருத்திருக்கும். கட்டி என்றதும் பயந்துவிடாதீர்கள். இது புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம், நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது.

கெட்டுப்போன சுரப்பியை அறுத்து எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது. கேட்க எளிதாக இருக்கிறது. எந்தச் சுரப்பி, எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் சங்கடம் எல்லாம். அதற்காகவே அறுவைக்கு முன் ஸ்கேன் படங்கள் எடுக்கிறார்கள். இந்தப் படங்களைப் பற்றி நம் மக்களிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

படம் எதற்கு?

என் பெரியம்மா மகள் ஒருத்தி எங்கள் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனவள். புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறாள். நீண்ட குன்று என்பது அந்த ஊர்ப் பெயருக்கு மலாயில் பொருள். 2015-இல் டவுன்டவுன் ரயில் பாதை அங்கே வந்த பிறகு, வண்டி மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கி வருவது அக்காளுக்கு வாராந்தர வழக்கம். அந்த நடையே ஒரு கட்டத்தில் முடியாமல் போயிற்று. எலும்பெல்லாம் வலி. இரண்டு முறை கல்லடைப்பு. தேக்காவில் சந்தித்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: ஆட்டுக்கால் சூப் குடி, கேழ்வரகுக் கூழ் குடி, கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடு! எலும்பு வலிக்குக் கால்சியம் நல்லதுதானே என்று அக்காளும் மாத்திரையை விழுங்கினாள். ஏற்கெனவே இரத்தத்தில் கால்சியம் மிஞ்சி நிற்பவருக்கு, மருத்துவர் சொல்லாமல் மாத்திரையையும் சேர்ப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதை.

பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது கால்சியம் கூடுதல் என்று தெரிந்தது. பிறகு வேறோர் இடத்தில் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். “படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே பாராதைராய்டு நோய் இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் வீணாகப் போயிற்று. அந்த ஓராண்டில் மூன்றாவது கல்லும் வந்தது.

வாசகர்களே, இதை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது இரத்தப் பரிசோதனை. கால்சியம் கூடியிருக்கும்போது பிடிஎச் சாறு அடங்கிப் போயிருக்க வேண்டும். அடங்காமல் அதுவும் கூடியிருந்தால், அல்லது குறைய வேண்டியது குறையாமல் நடு அளவில் நின்றால், சுரப்பியின் மேல்தான் சந்தேகம். சிறுநீரில் போகும் கால்சியத்தையும் அளப்பார்கள். ஏனென்றால் சில குடும்பங்களில் பரம்பரையாகவே இரத்தக் கால்சியம் சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு. அவர்களுக்கு அறுவை பயன்படாது. இவ்வளவும் பார்த்து நோய் உறுதியாகி, அறுவை செய்வது என்று முடிவான பிறகு, கத்தி எங்கே போக வேண்டும் என்று வழி காட்டுவதே ஸ்கேனின் வேலை. ஸ்கேன் ஒரு வரைபடம். ஈப்போவுக்குப் போகும் சாலை ஒரு வரைபடத்தில் இல்லையென்றால் ஈப்போ என்ற ஊரே இல்லையென்று சொல்வோமா?

பின்னர் அக்காளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே வேறு வகை ஸ்கேன் எடுத்ததில், மூச்சுக்குழாயின் பின்னால் தாழ்வாக ஒளிந்திருந்த கட்டி தெரிந்தது. அல்ட்ராசவுண்டின் கண்ணுக்கு எட்டாத இடம் அது.

ஏழு முறை கத்தி பட்ட கப்பல் தலைவர்

இந்தச் சுரப்பி மனிதரை எப்படி அலைக்கழித்திருக்கிறது என்பதற்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. முதலில் இதைக் கண்டது மனித உடம்பில் அல்ல. இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849-இல் இறந்தது. அதை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர், தைராய்டில் ஒட்டிய மஞ்சள் நிறச் சிறு சுரப்பியைக் குறித்து வைத்தார். மனிதருக்கும் அது உண்டென்று 1880-இல் எழுதியவர் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம். அவர் எழுதியதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவன் சொன்னால் யார் கேட்பார்கள்!

1925-இல் வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டல் என்ற மருத்துவர், எலும்பு நொறுங்கிக் கிடந்த ஆல்பர்ட் என்ற டிராம் வண்டித் தொழிலாளிக்கு, முதலில் இந்தச் சாறு போதவில்லை என்று எண்ணி வெளியிலிருந்து அதைக் கொடுத்துப் பார்த்தார். குணமில்லை. பிறகுதான் கழுத்தைத் திறந்து பெருத்த சுரப்பி ஒன்றை எடுத்தார். வலி குறைந்து அந்தத் தொழிலாளி எழுந்து நடமாடினார். சில ஆண்டுகளில் நோய் மறுபடியும் வந்துவிட்டது என்பது வருத்தமான செய்தி.

அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்ல்ஸ் மார்ட்டெல் கதை இன்னும் உருக்கமானது. ஆறடிக்கு மேல் உயரமாக இருந்தவர், எலும்பு கரைந்து கரைந்து ஏழு அங்குலம் குள்ளமாகிப் போனார். 1926 முதல் அவருடைய கழுத்தைப் பல முறை திறந்து தேடினார்கள். ஆறு அறுவைகள் வீணாயின. மனிதர் தாமே உடற்கூற்று நூல்களைப் படித்து, நெஞ்சுக்குள்ளே தேடிப் பாருங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டாராம். 1932-இல் ஏழாவது அறுவையில், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், நெஞ்செலும்புக்குப் பின்னால் அந்தக் கட்டி கிடைத்தது. ஆனாலும் சுமார் ஆறு வாரத்தில், சிறுநீரகக் கல்லுக்கான சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார்.

கழுத்தில் இருக்க வேண்டியது நெஞ்சுக்கு எப்படிப் போயிற்று? கருவில் குழந்தை வளரும்போது இந்தச் சுரப்பிகள் மேலே தோன்றிக் கீழே இறங்கி வருகின்றன. கீழ்ச் சுரப்பிகள் நெடுந்தூரம் வர வேண்டியவை. சில பாதி வழியில் தாடைக்கு அருகே நின்றுவிடும். சில இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் போய்விடும். மார்ட்டெல் காலத்தில் இன்றைய ஸ்கேன் இருந்திருந்தால், முதல் அறுவையிலேயே வேலை முடிந்திருக்கக்கூடும்.

பால்மரமும் டெக்னீசியமும்

செஸ்டமிபி ஸ்கேன் என்பதுதான் இதற்குப் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்றது. கையில் ஒரு சிறு ஊசி போடுவார்கள். அந்த மருந்தில் டெக்னீசியம் என்ற கதிர்வீசும் பொருள் ஒட்டியிருக்கும். இதன் வலிமை 6 மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். அப்படியானால் கடையில் வாங்கி அலமாரியில் வைக்க முடியாதல்லவா? அதற்கு ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள், கேளுங்கள்.

மாலிப்டினம் என்ற தாய்ப் பொருள் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அது பாதியாகக் குறைய 66 மணி ஆகும். அது கொஞ்சம் கொஞ்சமாக டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்பு நீரை அந்தப் பெட்டிக்குள் செலுத்தினால் ஊறிய டெக்னீசியம் மட்டும் கழன்று வரும். மறுநாளுக்குள் மறுபடியும் ஊறிவிடும். மேல்நாட்டார் இதைப் பசுவில் பால் கறப்பதற்கு ஒப்பிடுகிறார்கள். நமக்குப் பசு எதற்கு? மரத்தில் காலையில் வெட்டிப் பால் எடுத்து, மறுபடியும் ஊறவிட்டு வெட்டுகிறோமே, அதேதான் இது.

செஸ்டமிபி முதலில் இதயத்தைப் படம் பிடிக்கத்தான் வந்தது. அது பாராதைராய்டிலும் தங்குகிறது என்பதை 1989-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் எடுத்துரைத்தார்கள். உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் அடுப்புப்போல் எரிந்து சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்பொருள்கள் உண்டு. வேலை மிகுந்த கெட்ட சுரப்பியில் இந்த அடுப்புகள் மிக அதிகம். மருந்து அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. தைராய்டும் மருந்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் விட்டுவிடும். ஆகவே ஊசி போட்டு 10, 15 நிமிடத்தில் ஒரு படம், சுமார் இரண்டு மணி கழித்து இன்னொரு படம் எடுப்பார்கள். முதல் படத்தில் தைராய்டு முழுதும் ஒளிரும். இரண்டாவதில் தைராய்டு மங்கிப்போக, ஒரு புள்ளி மட்டும் மங்காமல் நிற்கும். அந்தப் புள்ளிதான் தேடிய ஆள். இப்போது இதோடு சிடி படத்தையும் சேர்த்து எடுப்பதால், புள்ளி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்பதும் தெரிகிறது.

வலி, ஊசி குத்தும் வலி மட்டுமே. கருவி கழுத்துக்கு மேல் வந்து நிற்கும். அசையாமல் படுத்திருக்க வேண்டும். அறை குளிரும், ஒரு சால்வை கொண்டு போங்கள். கதிரைப் பற்றிப் பயம் வருவது இயற்கை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்கு ஓர் ஆண்டில் தானாகவே கிடைக்கும் கதிர், உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். இந்த ஸ்கேனில் சேர்வது ஏறக்குறைய மூன்றாண்டுக்கு உரிய அளவு. சிடி சேர்ந்தால் கொஞ்சம் கூடும். தண்ணீர் நிறையக் குடித்தால் மருந்து சீக்கிரம் வெளியேறும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

இந்த ஸ்கேனும் எல்லாம் அறிந்ததல்ல. சுரப்பி மிகச் சிறியதாக இருந்தால் தெரியாமல் போகும். நான்கும் கொஞ்சம் கொஞ்சம் பெருத்திருந்தால் ஏமாற்றும். தைராய்டுக் கட்டி சில நேரம் பாராதைராய்டு வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே பெரும்பாலும் இரண்டு வகைப் படங்களை எடுத்து ஒப்பிடுகிறார்கள். அல்ட்ராசவுண்டில் கதிரில்லை, செலவும் குறைவு. ஆனால் எடுப்பவர் கைத்திறனைப் பொறுத்தது, நெஞ்செலும்புக்குப் பின்னால் அதற்குக் கண் தெரியாது. நான்கு பரிமாண சிடி என்பது, இரத்தக் குழாயில் சாயம் செலுத்தி அது சுரப்பியில் ஏறி இறங்குவதை நேரம் பிரித்து எடுப்பது. சிறுநீரகம் பலவீனமானவர்களும் நீரிழிவுக்கு மெட்போர்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சாயம் ஏற்றுமுன் சொல்ல வேண்டும். கோலின் என்ற பொருளில் கதிர்வீசும் புளோரினைச் சேர்த்து எடுக்கும் பெட் ஸ்கேன் புதியது; மற்றவை தவறவிட்ட சிறு கட்டிகளையும் பல சமயம் பிடித்துவிடுகிறது. இந்தியாவில் சண்டிகர் முதுகலை மருத்துவக் கழகத்தார் இதைப் பழைய முறைகளோடு ஒப்பிட்டு 2017-இல் எழுதியிருக்கிறார்கள். விலை அதிகம் என்பதால் எல்லாருக்கும் முதலிலேயே இதை எடுப்பதில்லை.

எல்லாப் படமும் கைவிட்டாலும் வழி உண்டு. தேர்ந்த மருத்துவர் கழுத்தின் இரு பக்கமும் திறந்து நான்கு சுரப்பிகளையும் கண்ணால் பார்த்து எது கெட்டது என்று முடிவு செய்வார். பழகிய கையில் முதல் அறுவையிலேயே நூற்றுக்கு 95 பேருக்குக் குணமாகிறது. படத்தில் இடம் தெரிந்துவிட்டால் சிறு கீறல் போதும். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பிடிஎச் சாறு இரத்தத்தில் சில நிமிடமே தங்கும் என்பதால், கட்டியை எடுத்த 10 நிமிடத்தில் இரத்தம் எடுத்து, சாறு பாதிக்குமேல் இறங்கிவிட்டதா என்று அறுவைக் கூடத்திலேயே பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. ஒருமுறை அறுவை செய்து தோற்றுப்போனவருக்கு மட்டும் மறுபடியும் கத்தி வைக்குமுன் படம் கட்டாயம் வேண்டும். தழும்பு விழுந்த கழுத்தில் குருட்டாம்போக்கில் தேடினால் குரல் நரம்புக்கு ஆபத்து.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு

நம் குடும்பங்களில் நீரிழிவும், அதன் பின்னே சிறுநீரகக் கோளாறும் எவ்வளவு பெருகிவிட்டன என்று உங்களுக்கே தெரியும். சிங்கப்பூரில் 1969-இல் தொடங்கிய தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் நிலையங்களுக்கு வாரம் மூன்று முறை போய்வரும் நம்மவர்கள் பலர். சிறுநீரகம் செயலிழந்தால் இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறி, கால்சியம் இறங்கி, அதைச் சரிக்கட்டப் பாராதைராய்டு ஓயாமல் உழைத்து, நான்கும் பெருத்துப்போகும். எலும்பு நோகும், உடம்பெல்லாம் அரிக்கும். இவர்களுக்கு முதலில் மருந்தும் உணவுக் கட்டுப்பாடும்தான். அதற்கு அடங்காதபோதுதான் அறுவை. நான்கும் கெட்டிருப்பதால் எது என்று ஸ்கேனில் தேட வேண்டியதில்லை. நெஞ்சில் ஒளிந்ததோ ஐந்தாவதாக ஒன்றோ உண்டா என்று பார்க்கவே படம் உதவுகிறது. ஆகவே டயாலிசிஸ் செய்யும் அண்ணனுக்கு ஒரு மாதிரியும், பக்கத்து வீட்டு அக்காளுக்கு வேறு மாதிரியும் மருத்துவர் சொன்னால் குழப்பமடைய வேண்டாம். நோய்க்குப் பெயர் ஒன்று போலிருந்தாலும் இரண்டும் வேறு.

நோய் இருக்கும் எல்லாருக்கும் உடனே அறுவை வேண்டும் என்பதும் இல்லை. 50 வயதுக்குக் குறைந்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கால்சியம் மேல் வரம்பையும் 0.25 மில்லிமோலுக்கு மேல் தாண்டியவர்கள், இவர்களுக்குத்தான் அறுவையை வற்புறுத்துகிறார்கள். மற்றவர்களை இரத்தமும் எலும்புப் படமும் எடுத்துக் கவனித்து வருவதுண்டு. அதுவரை பாலும் மீனும் அடியோடு விலக்க வேண்டியதில்லை. வழக்கமான சாப்பாடு போதும். தண்ணீர் மட்டும் நன்றாகக் குடிக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் நீர் மாத்திரைகளில் ஒரு வகையும், மனநோய்க்கான லித்தியமும் கால்சியத்தை ஏற்றிக் காட்டக்கூடும். முடி வளரவென்று கடைகளில் விற்கும் பயோட்டின் மாத்திரை பிடிஎச் பரிசோதனையைத் தடுமாற வைக்கக்கூடும். அதையும் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. இக்கரையில் கோலாலம்பூர், பினாங்கு பொது மருத்துவமனைகளிலும் உண்டு. சுரப்பி அறுவைக்குப் புத்ராஜெயா மருத்துவமனை பேர் பெற்றது. தோட்டத்து மருந்தகத்திலோ பட்டணத்துக் கிளினிக்கிலோ நேரே ஸ்கேன் கேட்காதீர்கள். இரத்தத்தில் கால்சியமும் பிடிஎச்சும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூடியிருந்தால் அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். ஜொகூர் பாலம் தாண்டி வைத்தியத்துக்குப் போகிறவர்கள் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களையும், ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் வட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே படத்தை இரண்டு முறை எடுக்கும் செலவும் கதிரும் மிச்சம்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல் மரத்துப்போனால் கவனம் வேண்டும். பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை வாரி இழுத்துக்கொள்வதால் இரத்தத்தில் அது இறங்கியிருக்கும். அப்போதுதான் கால்சியம் மாத்திரைக்கு உண்மையான வேலை. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய அளவில் அதைச் சாப்பிட்டு, கை விரல்கள் இழுத்துக்கொண்டால் இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.